எண்ணுவதற்கும் ஓர் எல்லை உண்டு

எமது முன்னோர் இரண்டு பழமொழிகளை எமக்கு விட்டுச் சென்றுள்ளனர். "பதறாத காரியம் சிதறாது" என்பது ஒன்று. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்பது மற்றொன்று. முதலாவது பொறு என்கின்றது. இரண்டாவது சுணங்காதே என்கின்றது. ஒன்றுக்கொன்று மாறானவை போல இவை தோன்றினும், இரண்டும் சேர்ந்தே முழுமையான அறிவுரையாகின்றன. எவ்விடத்திற் பொறுப்பது, எவ்விடத்திற் துணிவது என்று அறிவதே விவேகம். அந்த விவேகம் குறையுமிடத்திலேதான் மனிதன் மதில்மேற் பூனையாகின்றான்.

எதைப் படிப்பது, எந்த வேலையை ஏற்பது, யாரை மணப்பது, ஊரில் இருப்பதா கடல் கடப்பதா, காணியை விற்பதா வைத்திருப்பதா, முதிய பெற்றாரை யார் பராமரிப்பது என்ற கேள்விகள் ஒவ்வொரு குடும்பத்தின் கதவையும் தட்டுகின்றன. சிலர் கேள்வி எழுந்த மறுகணமே ஆசையினாலோ ஆத்திரத்தினாலோ முடிவு செய்து விடுகின்றனர். வேறு சிலர் மாதக்கணக்காக, ஏன், ஆண்டுக்கணக்காக யோசித்தும் ஒரு முடிவுக்கு வராது தவிக்கின்றனர். முன்னவரை அவசரக்காரர் என்று நாம் குறை கூறுகின்றோம். பின்னவரையோ நிதானமானவர் என்று பாராட்டியும் விடுகின்றோம். முடிவெடுக்காதிருப்பது நிதானந்தானா? இதுவே நாம் ஈண்டு சிந்திக்க வேண்டிய கேள்வி.

முடிவெடுக்காமையும் ஒரு முடிவே

ஒரு வீட்டில் மகளுக்குப் பேச்சுக்கால் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை நல்லவர்; உத்தியோகம் உண்டு; அறிந்த குடும்பம்; மகளுக்கும் சம்மதம். ஆயினும் தகப்பனார், "பார்ப்பம், இதைவிடத் திறமான இடமொன்று வராமலா போகும்?" என்று சொல்லிப் பதிலை ஒத்திவைக்கின்றார். வாரங்கள் மாதங்களாகின்றன. காத்திருந்து சலித்த மாப்பிள்ளை வீட்டார் வேறிடத்திற் சம்பந்தஞ் செய்து கொள்கின்றனர். "நான் வேண்டாமென்று ஒருநாளும் சொல்லவில்லையே" என்கின்றார் தகப்பனார். உண்மைதான், அவர் சொல்லவில்லை. அவருக்காகக் காலம் சொல்லிவிட்டது.

முடிவெடுக்காதவன் எந்த முடிவையும் எடுக்கவில்லை என்று எண்ணுவது பெருந்தவறு. அவன் தன் முடிவைக் காலத்திடமும் தற்செயலிடமும் ஒப்படைத்து விடுகின்றான். அதற்குரிய விலையையும் பெரும்பாலும் அவன் கொடுப்பதில்லை. அக்குடும்பத்தில் விலை கொடுத்தவள் மகள். பதிலுக்காகக் காத்திருந்த மறு குடும்பமும் ஒரு பங்கைக் கொடுத்தது. ஆகவே தயக்கம் என்பது சுபாவத்தைப் பற்றிய விடயம் மாத்திரமன்று; அது பிறருக்கு நாம் செலுத்தவேண்டிய நீதியையும் பற்றியது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் விவேகத்துக்கு மூன்று செயல்கள் உண்டெனத் தமது இறையியற் பெருநூலில் வகுத்துள்ளார். ஆலோசித்தல் முதலாவது. ஆலோசித்தவற்றைச் சீர்தூக்கித் தீர்ப்புச் செய்தல் இரண்டாவது. தீர்ப்பை நிறைவேற்றும்படி தனக்குத்தானே ஆணையிடுதல் மூன்றாவது. இம்மூன்றனுள் தலையாயது மூன்றாவது என்பதே அவர் கருத்து. எவ்வளவு ஆழமாக ஆலோசித்தாலும் அது செயலில் வந்து முடியாவிடில் விவேகம் நிறைவு பெறவில்லை. பதற்றத்தை மட்டுமன்றி, தீர்மானித்ததில் நிலைக்காத தன்மையையும் விவேகத்துக்கு எதிரான குறையென அவர் கொள்வது இதனாற்றான்.

எமது மொழியும் இவ்வுண்மையை அறிந்தே வைத்துள்ளது. துணித்தல் என்றால் வெட்டுதல். துணிதல் என்றால் தீர்மானித்தல். துணிவு என்ற சொல் முடிவையும் குறிக்கும், தைரியத்தையும் குறிக்கும். ஒன்றை வெட்டி விலக்காமல் மற்றொன்றைத் தெரிவு செய்ய இயலாது. வெட்டுவதற்குத் தைரியமும் வேண்டும். திருக்குறளில் "தெரிந்து செயல்வகை" என்னும் 47ஆம் அதிகாரம் எண்ணிய பின்னரே செயலில் இறங்கும்படி அறிவுறுத்துகின்றது. "வினை செயல்வகை" என்னும் 68ஆம் அதிகாரமோ, ஆலோசனையின் எல்லை துணிவு என்றும், துணிந்த பின் அதைத் தாமதத்தில் கிடத்துவது தீது என்றும் கூறித் தொடங்குகின்றது. ஓர் அதிகாரத்தை மட்டும் படித்துவிட்டு மற்றதை மூடி வைப்பவர்களே எம்மிற் பலர்.

ஏன் தயங்குகின்றோம்?

தயக்கத்துக்குக் காரணங் கேட்டால் "போதிய விபரம் தெரியவில்லை" என்பர். சில வேளைகளில் அது மெய்யே. ஆனால் இன்று கைத்தொலைபேசியைத் திறந்தால் எந்தத் தொழிலைப் பற்றியும் எந்த நாட்டைப் பற்றியும் படித்து முடிக்க முடியாத அளவுக்கு விபரங்கள் வந்து குவிகின்றன. அப்படியிருந்தும் தயக்கம் குறைந்ததாகத் தெரியவில்லை. காரணம் வேறிடத்தில் இருக்கின்றது.

முதலாவது, நாம் நூற்றுக்கு நூறு நிச்சயத்தைத் தேடுகின்றோம். கணிதத்தில் இரண்டும் இரண்டும் நான்கு என்பது போல, "இந்த வேலை எனக்கு ஒத்துவரும்", "இந்தத் திருமணம் இன்பமாய் அமையும்" என்று முன்கூட்டியே எண்பிக்க விரும்புகின்றோம். ஒவ்வொரு துறையிலும் அத்துறை இடங்கொடுக்கும் அளவு திட்டத்தையே அறிவுள்ளவன் எதிர்பார்ப்பான் என்று கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் தொடக்கத்திலேயே எச்சரித்துள்ளார். மனித வாழ்வு கணிதமன்று. நாளை நடப்பதை யாரும் எண்பிக்க முடியாது. போதிய நியாயம் கிடைத்த பின்னரும் முழு நிச்சயத்துக்காகக் காத்திருப்பவன் வராத வண்டிக்குக் காத்திருப்பவனேயாவான்.

இரண்டாவது, நல்லதைக் கண்டும் அதனிலும் நல்லதைத் தேடுகின்றோம். 1978ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஹேபேட் சைமன் இதைப் பற்றி நுணுகி ஆராய்ந்தவர். மனிதனுக்குள்ள நேரமும் விபரமும் கணிக்கும் வல்லமையும் அளவுபட்டவை. எல்லா வழிகளையும் தேடிப் பார்த்து, அவற்றுள் மிகச் சிறந்ததைப் பொறுக்கி எடுத்தல் அவனால் இயலாதது. ஆகவே தனக்கு இன்றியமையாதவை எவையென முதலில் வரையறுத்து, அந்த அளவை எட்டும் ஒன்று கிடைத்ததும் அதை ஏற்றுக்கொள்வதே மனிதனுக்கு ஏற்ற முறை என்பது அவர் விளக்கம். இது தரத்தைத் தாழ்த்துவதாகாது. அளவுகோலைத் தேடலுக்கு முன்பே செய்துவைப்பது இது. அளவுகோல் இல்லாதவனுக்கு எந்தப் பொருளும் போதுமானதாயிராது.

மூன்றாவது காரணமே ஆழமானது. நாம் இழக்க விரும்புவதில்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தமது "ஆன்மீகப் பயிற்சிகள்" நூலில் மூவகை மனிதரைப் பற்றிக் கூறுகின்றார். மூவகையினருக்கும் பதினாயிரம் பொற்காசு கிடைத்துள்ளது. அப்பணத்தின் மீதுள்ள பற்று மன அமைதியைக் கெடுக்கின்றது. முதல் வகையினர் பற்றை விட வேண்டுமென விரும்புகின்றனர். ஆனால் சாகும் நாள் மட்டும் அதற்கென ஒன்றுஞ் செய்வதில்லை. இரண்டாம் வகையினர் பற்றை விடவும் வேண்டும், பணமும் கையில் இருக்க வேண்டும் என்கின்றனர். மூன்றாம் வகையினரே வைத்திருக்கவும் விட்டுவிடவும் ஆயத்தமாய் நின்று, எது சரியென்று மட்டும் பார்க்கின்றனர். எமது தயக்கங்களை ஆராய்ந்தால் அவற்றுட் பல முதல் இரு வகைகளுள் அடங்கி விடும். எது நல்லதென்று தெரியாமல் நாம் நிற்பது குறைவு. தெரிந்தும், அதற்காக விடவேண்டிய மற்றதை விட மனமில்லாமல் நிற்பதே அதிகம். இரண்டு தோணியிற் கால் வைத்தவன் வழி தெரியாமல் அப்படி நிற்பதில்லை. ஒரு தோணியை விட மனமில்லாமலே நிற்கின்றான்.

ஒரு தாளும் ஒரு கோடும்

அப்படியாயின் அறிவுபூர்வமாகச் சிந்திப்பது எவ்வாறு? 1772ஆம் ஆண்டு யோசேப் பிறீஸ்ற்லி என்ற ஆங்கிலப் போதகர், ஒரு பிரபு தமக்கு அளிக்க முன்வந்த பதவியை ஏற்பதா விடுவதா என்று தெரியாது, தம் நண்பர் பெஞ்சமின் பிராங்ளினிடம் ஆலோசனை கேட்டார். எதைச் செய்வதென்று சொல்லத் தமக்குப் போதிய விபரந் தெரியாது, எப்படித் தீர்மானிப்பதென்று வேண்டுமாயின் சொல்லலாம் என்று பிராங்ளின் பதில் எழுதினார். ஒரு தாளின் நடுவே கோடு கீறி, ஒரு பக்கத்தில் சாதகமானவற்றையும் மறு பக்கத்தில் பாதகமானவற்றையும் மூன்று நான்கு நாட்களாக நினைவுக்கு வர வர எழுதுவது அவர் வழக்கம். பின்னர் ஒவ்வொன்றின் கனத்தையும் மதித்து, இரு பக்கத்திலும் சமமானவற்றை அடித்துவிடுவார். ஒரு பக்கத்து நியாயம் ஒன்று மறு பக்கத்து நியாயங்கள் இரண்டுக்குச் சமமாயின் மூன்றையும் அடிப்பார். மீதி எப்பக்கத்தில் நிற்கின்றது என்று கண்டு, மேலும் ஓரிரு நாட்களில் புதிதாய் எதுவும் தோன்றாவிடில் அதன்படி முடிவு செய்வார்.

இம்முறையின் பயன் என்ன? எல்லா நியாயங்களும் ஒரே வேளையில் எம் மனத்தில் நிற்பதில்லை. காலையில் ஒரு தொகுதி வருகின்றது. மாலையில் வேறொரு தொகுதி வந்து முதலாவதைத் தள்ளிவிடுகின்றது. மனம் இங்குமங்கும் அலைவது இதனால் என்பதைப் பிராங்ளினே அக்கடிதத்தில் விளக்கியுள்ளார். தாளில் எழுதிவிட்டால் எல்லாவற்றையும் ஒருங்கே பார்க்கலாம்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அழைக்கும் ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் வருமானம், தங்கையின் படிப்புச் செலவு, வீட்டுக் கடன் ஆகியன. மறு பக்கத்தில் தாயின் தனிமை, கையிலுள்ள வேலை, பயணத்துக்காகப் பட வேண்டிய புதிய கடன், அந்நிய நாட்டில் வழியிழந்து நிற்க நேரலாம் என்ற ஆபத்து ஆகியன. இவற்றை எழுதும்போதே சில உண்மைகள் வெளிவரும். "எல்லாரும் போகின்றார்கள்" என்பதை நியாயமென்று எழுதக் கை கூசும். "நாலுபேர் என்ன சொல்வார்கள்" என்பதும் தாளில் ஏறியதும் கனங் குறைந்துவிடும். தாயின் தனிமை என்று எழுதியவன், அதைப் பற்றித் தாயிடமே ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் அப்போதுதான் உணர்வான்.

எனினும் நியாயங்களை எண்ணுவது வேறு, நிறுப்பது வேறு. 1838ஆம் ஆண்டில் இயற்கை விஞ்ஞானி சாள்ஸ் டார்வினும் திருமணஞ் செய்வதா விடுவதா என்று இவ்வாறே ஒரு பட்டியல் எழுதினார். நேரம் வீணாகும், நூல்கள் வாங்கப் பணம் போதாது என்பன ஒரு பக்கத்தில் இருந்தன. முதுமையிலும் துணையிருக்கும் நட்பு மறுபக்கத்தில் இருந்தது. வாழ்நாளெல்லாம் தேனீயைப் போல வேலை செய்தே கழித்து, முடிவில் ஒன்றுமில்லாது போவதைத் தம்மால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை என்று அவர் அதில் எழுதினார். மணஞ் செய்வதென முடிவு செய்தார். 1839 ஜனவரியில் திருமணமும் நடந்தது. ஒரு பாரிய நியாயம் பல சிறிய நியாயங்களை வென்றுவிடக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தராசின் முள்

தாளில் எழுதும் கையும் பக்கஞ் சாரலாம். விரும்பிய பக்கத்துக்குக் கனங் கூட்டி எழுதுவது மனித இயல்பு. இதற்கு இஞ்ஞாசியார் கூறும் மருந்து பயனுடையது. தெரிவு செய்பவன் முதலில் தராசின் முள்ளைப் போல எந்தப் பக்கமும் சாயாது நிற்கப் பழக வேண்டும் என்கின்றார் அவர். அதன் பின்னர் இருபக்கத்து நன்மை தீமைகளையும் அறிவினால் ஆராய வேண்டும். அப்போதும் தெளிவு வராவிடில், முன்பின் அறியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்து நின்றால் அவருக்கு என்ன ஆலோசனை கூறுவேன் என்று எண்ணிப் பார்த்து, அதையே தனக்கும் கூற வேண்டும். மரணப் படுக்கையில் கிடந்து திரும்பிப் பார்க்கையில் எதைத் தெரிந்திருக்க விரும்புவேன் என்றும் கேட்க வேண்டும். பிறர் காரியத்தில் எமக்குத் தெளிவு இருப்பதற்குக் காரணம், அதில் நாம் இழப்பது ஒன்றுமில்லை என்பதே.

அவர் தரும் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. மனம் இருண்டு சோர்ந்திருக்கும் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றலாகாது. கோபத்தில் வேலையை விட்டவர்களும், துக்கத்தில் வீட்டை விற்றவர்களும் இதன் உண்மையை நன்கறிவர்.

"கடவுள் ஓர் அடையாளம் காட்டட்டும்" என்று சொல்லிச் சிந்திப்பதையே நிறுத்திவிடுவோரும் எம்மத்தியில் உளர். செபம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கோபுரங் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் அல்லவா என்று ஆண்டவரே கேட்டதாக லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். கணக்குப் பார்க்க அறிவைத் தந்தவரிடம், கணக்கையும் நீரே பார்த்துத் தாரும் என்று கேட்பது தாழ்ச்சியாகாது.

பொறுமையா, தயக்கமா?

இனி, தொடக்கத்தில் கூறிய இரு பழமொழிகளுக்கு வருவோம். நாம் பொறுமையாயிருக்கின்றோமா, தயங்கி நிற்கின்றோமா என்று அறிவதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. "நான் எதற்காகக் காத்திருக்கின்றேன்? அது எப்போது வரும்?" என்று தன்னைத்தானே கேட்க வேண்டும். "பரீட்சை முடிவு அடுத்த மாதம் வருகின்றது", "வைத்தியரின் அறிக்கை வெள்ளிக்கிழமை கிடைக்கும்", "அண்ணரிடம் கேட்டு ஞாயிறன்று சொல்வேன்" என்று பதில் வருமாயின் அது பொறுமை. "பார்ப்பம்" என்பதைத் தவிர வேறு பதில் வராவிடில் அது தயக்கம். எனவே ஆலோசனைக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்வது அவசியம். பெரிய காரியத்துக்கு நீண்ட தவணையும் சிறிய காரியத்துக்குக் குறுகிய தவணையும் தகும். திருத்தக்கூடிய முடிவுக்கு அதிக நாட்களைச் செலவிட வேண்டியதில்லை. ஒரு தையல் வகுப்பிற் சேர்ந்து பார்த்துப் பிடிக்காவிடில் விலகலாம். திருமணமும் துறவும் அப்படிப்பட்டவையல்ல. அவற்றுக்கு வேண்டிய காலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

முடிவெடுத்த பின்னரும் சிலருக்கு அமைதி வருவதில்லை. பிரான்சிய மெய்யியலாளர் டேக்காட் 1637இல் வெளியிட்ட நூலில் இவர்களுக்குத் தக்க உவமை ஒன்றுண்டு. காட்டில் வழிதவறியவன் அங்குமிங்கும் அலையவுங் கூடாது. ஓரிடத்தில் நின்றுவிடவுங் கூடாது. ஒரு திசையைப் பிடித்து நேரே நடக்க வேண்டும். நினைத்த இடத்தை அடையாவிட்டாலும், நடுக்காட்டை விட நல்லதோர் இடத்தையாவது அவன் அடைவான். வன்னிக் காடுகளை அறிந்த எம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாய் வலுவான காரணம் தோன்றினால் திசை மாற்றலாம், அது விவேகம். காரணமின்றி, பயத்தினால் மட்டும் திரும்புவது விவேகமாகாது.

நன்கு சிந்தித்து எடுத்த முடிவும் சில வேளைகளிற் தீதாய் முடியலாம். சிந்தியாது எடுத்தது நன்றாய் முடிதலும் உண்டு. பிறீஸ்ற்லி அப்பதவியை ஏற்றார். அங்கிருந்த காலத்தில், 1774ஆம் ஆண்டு, பின்னர் ஒட்சிசன் எனப் பெயர்பெற்ற வாயுவைப் பிரித்தறிந்து புகழ் பெற்றார். அவருக்கு அவ்வாய்ப்புக் கிட்டாது போயிருந்தாலும், அவர் ஆலோசித்துத் துணிந்தது சரியேயாகும். விளைவு எம் கையில் இல்லை. நேர்மையாக ஆராய்வதும், உரிய நாளில் துணிவதும், துணிந்ததைச் செய்வதும் எம் கையில் உள்ளன. விளைவு பிழைத்தவரைக் குடும்பத்தார் "அன்றைக்கே சொன்னோமே" என்று குத்திக் காட்டாதிருப்பதும் ஒரு கடமையே. ஒருமுறை அப்படிக் குத்துப்பட்ட பிள்ளை அடுத்த முறை துணிவதற்கு அஞ்சும்.

இன்று ஒரு முடிவை ஒத்திவைத்திருப்பவர் எவராயினும், அம்முடிவுக்காகக் காத்திருப்பவர் யாரென்று முதலில் எண்ணிப் பார்ப்பாராக. ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கீறுவாராக. அறிவும் அன்பும் உள்ள இருவரிடம் ஆலோசனை கேட்பாராக. ஒரு நாளைக் குறிப்பாராக. அந்நாள் வந்ததும் இழக்க வேண்டியதை மனமொப்பி இழந்து, எடுத்த முடிவைக் காத்திருப்பவருக்கு அன்றைக்கே அறிவிப்பாராக. "ஆம்" என்பதாயினும் "இல்லை" என்பதாயினும், உரிய வேளையிற் சொல்லப்பட்ட பதிலைக் கொண்டு மற்றவர் தம் வாழ்வை ஒழுங்கு செய்துகொள்ள முடியும். சொல்லப்படாத பதிலைக் கொண்டு எவராலும் ஒன்றுஞ் செய்ய முடியாது.